நேரோய் ஃபியோர்டில் படகுப் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

அப்பாவும் அம்மாவும் முதல்முறை நார்வேயில் நான் இருக்கிற பெர்கனுக்கு வந்திருந்தபோது, ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டிவிடும் ஆசையில் காலை எட்டு மணி ரயிலில் ஏற்றிவிட்டேன். ரயில், மலை ரயில், படகு, பேருந்து, மறுபடி ரயில் என்று பன்னிரண்டு மணி நேரச் சுற்று. சரியாகப் படகு நேரோய் ஃபியோர்டுக்குள் திரும்புகிற நேரம் பார்த்து அப்பா சன்னலோர இருக்கையில் தலையைச் சாய்த்துக் குறட்டை விட ஆரம்பித்தார். இரண்டு பக்கமும் ஆயிரம் மீட்டருக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் பாறைச் சுவர்கள். அதைப் பார்க்கத்தான் அத்தனை தூரம் வந்தது. எழுப்ப மனசு வரவில்லை. நாலரைக்கே எழுந்து குளித்துத் தயாரான மனிதர், முதல் ஒரு மணி நேரம் மேல்தளக் காற்றில் நின்று விறைத்துப்போய், கீழே வந்து கதகதப்பில் உட்கார்ந்தால் வேறென்ன நடக்கும்?

அதற்கப்புறம் அத்தை, கல்லூரி நண்பர்கள், மச்சான் குடும்பம் என்று ஊரிலிருந்து வந்தவர்களோடு ஏழெட்டு முறை அதே படகில் போய்விட்டேன். இந்தப் பயணத்தில் பெரும்பாலானவர்கள் செய்யும் தப்பு ஒன்றே ஒன்றுதான்: தெம்பு, உடம்புச் சூடு, போன் பேட்டரி மூன்றையும் முதல் பாதியிலேயே செலவழித்துவிடுகிறார்கள். காட்சி இருப்பது இரண்டாம் பாதியில். கீழே சொல்லும் எல்லாமே அதை ஒட்டித்தான்.

1. முதலில் இடத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

ஃபியோர்ட் என்று நாம் எழுதுவதை நார்வேக்காரர்கள் கடைசி எழுத்தை விழுங்கி 'ஃபியூர்' என்பார்கள். கவுன்டரில் அப்படிக் காதில் விழுந்தால் குழம்ப வேண்டாம்.

பனியுகங்களில் பனியாறுகள் மலையை அரைத்துக்கொண்டு இறங்கி ஆழமான பள்ளங்களைக் குடைந்தன. பனி உருகிப் பின்வாங்கியதும் அந்தப் பள்ளங்களில் கடல் ஏறிக்கொண்டது. அதுதான் ஃபியோர்ட். பார்க்க ஏரி மாதிரி இருக்கும், ஆனால் கடல். நார்வேயின் மிக நீளமான ஃபியோர்டான சோக்ன, மேற்குக் கரையிலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் உள்நாட்டுக்குள் போகிறது. ஆழம் 1,300 மீட்டரைத் தாண்டும். அதன் ஒரு கிளை அவுர்லாண்ட் ஃபியோர்ட். அந்தக் கிளையிலிருந்து பிரிகிற சின்னக் கிளைதான் நம்முடைய நேரோய் ஃபியோர்ட். நீளம் சுமார் 17 கிலோமீட்டர். மிகக் குறுகலான இடத்தில் அகலம் 250 மீட்டர்தான். 2005இல் கெய்ராங்கர் ஃபியோர்டையும் இதையும் சேர்த்து யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

கெய்ராங்கரா, நேரோயா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: இரண்டும் அழகு, ஆனால் கார் இல்லாமல் வருகிறவர்களுக்கு நேரோய்தான். ரயிலிலேயே படகுத்துறை வரை வந்து இறங்கலாம்.

என் அத்தை இது கடல் என்பதைக் கடைசிவரை நம்பவில்லை. அலை இல்லை, கடல் வாசனையும் பெரிதாக இல்லை. படகு கிளம்பும் ஃப்லோம் ஊர்த் துறையில் குனிந்து ஒரு கை நீரை அள்ளி நாக்கில் வைத்துவிட்டு, "கடல்னு சொன்னே, உப்பே இல்லையேடா?" என்றார். அவர் சொன்னதும் சரிதான். கோடையில் மலைப்பனி உருகி வரும் நன்னீர், எடை குறைவு என்பதால், உப்பு நீரின் மேல் ஒரு படலமாக மிதக்கும். ஆற்று முகத்துவாரத்தில் மேல்நீரில் உப்பு தெரியவே தெரியாது. கடல் என்பதற்குச் சாட்சி வேண்டுமானால் கரைப்பாறைகளைப் பாருங்கள். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஒரு கறுத்த பட்டையும், அதில் மஞ்சள் கலந்த பழுப்புக் கடற்பாசியும் ஒட்டியிருக்கும். ஓதம் ஏறி இறங்குகிற தடம் அது. அதைக் காட்டிய பிறகும் அத்தை, "என்னமோ சொல்றே" என்றுதான் நடந்தார்.

2. எந்த மாதம்

படகு ஆண்டு முழுக்க ஓடுகிறது. எனக்குப் பிடித்தது மே கடைசியும் ஜூன் முதல் பாதியும். உச்சியில் பனி இருக்கும், அது உருகி அருவிகள் முழுப் பலத்தோடு விழும், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருக்கும். ஜூலை, ஆகஸ்டில் கூட்டம். பெரிய சொகுசுக் கப்பல் ஒன்று ஃப்லோமில் நின்றால், சில நூறு பேர் வாழும் ஊரில் ஆயிரக்கணக்கானவர்கள் இறங்கி நடமாடுவார்கள். அப்படியான நாளில் காலையின் முதல் படகோ மாலையின் கடைசிப் படகோ பிடியுங்கள். செப்டம்பர் கடைசியில் மரங்கள் மஞ்சளாகும், கூட்டம் கலைந்துவிடும்.

டிசம்பர், ஜனவரியில் வருகிறவர்களும் உண்டு. பாதி உறைந்த அருவிகள், கறுப்பு நீர், வெள்ளை மலை என்று அது வேறோர் உலகம். ஆனால் பகல் ஆறு மணி நேரம்தான். மலைகளின் நெருக்கத்தால் ஃபியோர்டின் சில பகுதிகளில் வாரக்கணக்கில் நேர்வெயிலே படாது. நண்பகல் ஒட்டிய படகைத் தவிர வேறெதிலும் ஏறாதீர்கள். இருட்டில் போய்ப் பார்க்க ஒன்றுமில்லை.

மழை நாள் என்று தெரிந்ததும் பயணத்தைத் தள்ளிப்போடத் துடிப்பார்கள். தேவையில்லை. நான் இருக்கிற பெர்கனில் வருடத்துக்கு 200 நாளுக்கு மேல் மழை. அதற்குப் பயந்தால் வாழ்க்கை நடக்காது. நல்ல மழை பெய்து விட்ட ஒரு மணி நேரத்தில் பாறைச் சுவர் முழுக்கப் புதிது புதிதாய் வெள்ளை இழைகள் இறங்கும். வெயில் நாளில் பத்து அருவி என்றால் மழை நாளில் எண்ணி முடியாது. மேகம் பாதி மலையில் தொங்கினால் மலை இன்னும் உயரமாகத் தெரியும். பார்வையே மறைக்கிற அடர்மூட்டம் மட்டும்தான் கெட்ட நாள். நார்வே வானிலை ஆய்வுக் கூடமும் அரசு ஒளிபரப்பு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் 'யர்' செயலியில் படகு கிளம்பும் ஃப்லோம், போய்ச் சேரும் குட்வாங்கன் என்று இரண்டு ஊரையும் தனித்தனியாகப் பாருங்கள்.

3. விசா, வழி, டிக்கெட்

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். நார்வே ஷெங்கனில் இருந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, பணம் குரோனர். யூரோவை மாற்றிக்கொண்டு வந்து திண்டாடாதீர்கள். எல்லா இடத்திலும் அட்டைதான். நான் கையில் நோட்டை எடுத்துப் பல மாதங்கள் ஆகின்றன.

வழி இப்படி. ஒஸ்லோ–பெர்கன் ரயில் பாதையில் மீர்டால் என்று ஒரு நிலையம். பெர்கனிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல், ஒஸ்லோவிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. மீர்டால் ஓர் ஊரே இல்லை, சாலைகூடக் கிடையாது. மலைமேல் ஒரு நடைமேடை, அவ்வளவுதான். அங்கே இறங்கி எதிர்ப்பக்கம் நிற்கும் ஃப்லோம் மலை ரயிலில் ஏற வேண்டும். கடல் மட்டத்திலிருந்து 866 மீட்டர் உயரத்தில் கிளம்பி, 20 கிலோமீட்டரில் கடலோரத்துக்கே இறங்கிவிடும். நடுவே 20 சுரங்கங்கள். அவற்றில் 18 கையால் குடையப்பட்டவை. கியோஸ் அருவியருகே ஐந்து நிமிடம் நிறுத்துவார்கள். கோடையில் திடீரென்று பாட்டுச் சத்தம் கேட்கும், சிவப்புப் பாவாடை கட்டிய பெண் ஒருத்தி பாறை மேல் தோன்றி ஆடுவாள். மனிதர்களை மயக்கிக் கூட்டிப்போகும் காட்டு மோகினி என்பது இவர்களுடைய நாட்டுக்கதை. மச்சான் பிள்ளைகள் அருவியை விட்டுவிட்டு அவளைத்தான் படமெடுத்தார்கள்.

ஒரு மணி நேரத்தில் ஃப்லோம். ரயில் நின்ற இடத்திலிருந்து படகுத்துறை நடக்கிற தூரம்தான். அங்கிருந்து குட்வாங்கனுக்கு இரண்டு மணி நேரப் படகு. குட்வாங்கனிலிருந்து வோஸ் ஊருக்கு ஒரு மணி நேரம் பேருந்து, வோஸிலிருந்து பெர்கனுக்கு ஒன்றேகால் மணி நேரம் ரயில்.

இதையெல்லாம் ஒரே பொதியாகவும் விற்கிறார்கள், தனித்தனியாகவும் வாங்கலாம். பொதியின் நன்மை, இணைப்பு நேரங்களை அவர்களே பொருத்திக் கொடுப்பது. தனித்தனியாக வாங்கினால் பெரும்பாலும் மலிவு. நேரத்தை நீங்கள்தான் பார்க்க வேண்டும். முதல்முறை வருகிறவர், வயதானவர்களோடு வருகிறவர் பொதியை எடுப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தனியாக வாங்குகிறவர்கள் இந்த வரிசையில் வாங்குங்கள்: முதலில் மலை ரயில், ஏனென்றால் கோடையில் அதுதான் முதலில் தீரும். அடுத்து படகு. கடைசியாக நீண்டதூர ரயில்.

ஓர் எச்சரிக்கை. கோடையில் சில நாட்கள் தண்டவாள வேலைக்காக ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவார்கள். அறிவிப்பில் 'பஸ் ஃபோர் டோக்' என்று கண்டால் 'ரயிலுக்குப் பதில் பேருந்து' என்று பொருள். நாடு முழுக்க எல்லோரும் முகம் சுளிக்கும் மூன்று சொற்கள் அவை. தேதி முடிவு செய்யும் முன் ரயில் நிறுவனத்தின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கார் வைத்திருந்தால் காரைக் குட்வாங்கனில் நிறுத்துங்கள், ஃப்லோமில் அல்ல. முதலில் பேருந்தில் ஃப்லோம் போய்விட்டு, படகில் காருக்குத் திரும்பி வாருங்கள். திரும்புகிற பேருந்தைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பதைப்பே இருக்காது.

4. எந்தத் திசை, எத்தனை நாள்

படகு இரு திசையிலும் ஓடுகிறது. ஃப்லோமில் ஏறிக் குட்வாங்கனில் இறங்குங்கள். அகலமான அவுர்லாண்ட் ஃபியோர்டில் ஆரம்பித்து, போகப் போக மலைகள் நெருங்கி வந்து, கடைசியில் ஒரு சந்துக்குள் முடியும். எதிர்த் திசையில் ஏறினால் முதல் அரை மணி நேரத்திலேயே உச்சம் முடிந்து, மிச்ச நேரம் இறங்குமுகம். அந்தத் திசையைப் புகழ்கிறவர்களும் உண்டு. நான் ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு மறுபடி போகவில்லை.

இயன்றால் ஃப்லோமிலோ, 10 கிலோமீட்டருக்குள் இருக்கும் அவுர்லாண்டிலோ ஓர் இரவு தங்குங்கள். கப்பல்காரர்கள் போன பிறகு மாலை ஆறு மணிக்குமேல் ஊரே அமைதியாகிவிடும். அவுர்லாண்டுக்கு மேலே ஸ்டேகாஸ்டெய்ன் என்ற காட்சிமேடை, 650 மீட்டர் உயரத்தில் மலையிலிருந்து 30 மீட்டர் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிறது. முனையில் கண்ணாடித் தடுப்பு மட்டும். நாளை படகில் போகப்போகும் தண்ணீரை இன்று மேலிருந்து பார்ப்பது நல்ல முன்னேற்பாடு. இரண்டாம் முறை அப்பாவை இப்படித்தான் அழைத்துப் போனேன். இரவு நன்றாகத் தூங்கி எழுந்தார். படகில் கண்ணைக்கூட மூடவில்லை.

தங்க வசதிப்படாதவர்கள் ஒரே நாளில் போகலாம், தப்பில்லை. ஆனால் ரயிலில் தூங்கிக்கொள்ளுங்கள். பெர்கன்–மீர்டால் இரண்டு மணி நேரமும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டு வந்தீர்களானால் மதியம் தெம்பு உங்களை விட்டுவிடும்.

5. உடை, சாப்பாடு

ஜூலையிலும் மேல்தளத்தில் குளிரும். கரையில் 16 டிகிரி என்றால், படகு நகர ஆரம்பித்ததும் காற்றில் அதைவிடச் சில டிகிரி குறைவு போலத்தான் உடம்பில் படும். உள்ளே மெல்லிய கம்பளி, நடுவே ஸ்வெட்டர், மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட். நடுவில் உள்ளதைக் கழற்றலாம், மேலே உள்ளதைக் கழற்ற வாய்ப்பு வராது. குடை கொண்டுவராதீர்கள், மேல்தளத்தில் அதை விரித்தால் குடையும் போகும், பக்கத்தில் நிற்பவர் கண்ணும் போகும்.

நம் ஊர் மங்கி கேப்பைக் கேலி செய்யாதவர்கள் இல்லை. ஊட்டிக்குப் போட்டுக்கொண்டு போனால் சிரிப்பார்கள். இந்தப் படகில் காது, கழுத்து, தாடை மூன்றையும் ஒருசேர மூடுகிற ஒரே சாமான் அதுதான். அத்தை தன்னுடையதை எடுத்து மாட்டியபோது மருமகள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் கழித்துக் கடன் கேட்டாள்.

சேலை கட்டுகிறவர்கள் கட்டலாம். அடியில் கம்பளி லெக்கிங்ஸ், காலில் ஷூ, முந்தானையை ஜாக்கெட்டுக்குள் செருகிவிடுவது. இவை இருந்தால் போதும். கொசுவத்தில் ஊக்கு குத்த மறக்காதீர்கள். அங்கே வீசும் காற்றுக்கு மரியாதை தெரியாது.

படகில் சின்னச் சிற்றுண்டிக் கடை உண்டு: காப்பி, ரொட்டி, வாஃபிள். ஒரு காப்பிக்கே நாற்பது ஐம்பது குரோனர் போகும், நாலு பேர் என்றால் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் எப்போதும் புளியோதரையும் பிளாஸ்கில் டீயும்தான். 1980களிலிருந்து ஈழத்தமிழர்கள் வேரூன்றிய நாடு இது. ஒஸ்லோவிலும் பெர்கனிலும் புளி, நல்லெண்ணெய், இட்லி அரிசிக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மளிகைக் கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கி வையுங்கள். தண்ணீர் பாட்டில் வாங்கிக் காசைக் கரைக்க வேண்டாம். குழாய்த் தண்ணீரே அருமையாக இருக்கும்.

ஒன்றை மட்டும் விலை பார்க்காமல் வாங்கிச் சாப்பிடுங்கள்: ப்ரூனோஸ்ட் என்ற பழுப்புப் பாலாடைக்கட்டி. பாலைத் திரித்துக் கட்டியை எடுத்த பிறகு மிஞ்சும் தெளிநீரோடு பாலும் பாலேடும் சேர்த்து மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சுவார்கள். பால்கோவாவில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டது மாதிரி இருக்கும். வாஃபிள் மேல் சீவிப்போட்டு, பழஜாமோடு தருவார்கள்.

6. படகில்: எங்கே, எப்போது நிற்பது

புறப்பாட்டுக்கு இருபது, முப்பது நிமிடம் முன் துறையில் இருங்கள். இருக்கைக்கு எண் கிடையாது. பெட்டிகளை வைக்க உள்ளே இடம் இருக்கும்.

இந்தத் தடத்தில் ஓடுவதில் இரண்டு படகுகள் வழக்கமான படகு மாதிரி இருக்காது. 2016இல் வந்த ஒன்று கலப்பு எரிசக்தியில் ஓடுவது. 2018இல் வந்தது முழுக்க மின்சாரம், 400 பேர் ஏறலாம். வெளிப்புறம் மலைப்பாதை போல வளைந்து வளைந்து ஏறும் சரிவுத்தளம், படி ஏற முடியாத முழங்கால்களுக்கு வரம். இந்த ஃபியோர்டுகளில் 10,000 டன்னுக்குக் குறைந்த பயணக் கப்பல்கள் புகையே விடக்கூடாது என்ற விதி 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது; பெரிய கப்பல்களுக்கு 2032 வரை அவகாசம். மின்படகின் பெரிய லாபம் என்னைக் கேட்டால் காற்று அல்ல, காது. இன்ஜின் உறுமாததால் அரை கிலோமீட்டர் தள்ளி விழும் அருவியின் சத்தம் தனியாகக் கேட்கும்.

ஏறியதும் எல்லோரும் முன்பக்கத்துக்கு ஓடுவார்கள். ஓடட்டும். நீங்கள் உள்ளே போய் இடப்பக்கச் சன்னலோரத்தில் உட்கார்ந்து டீயை ஊற்றுங்கள். கண்ணாடி தரையிலிருந்து கூரைவரை இருக்கிறது, முதல் பாதிக்கு அது தாராளம். வலப்பக்கம் அவுர்லாண்ட் ஊர் கடக்கும். அதற்கு மட்டும் எழுந்து பார்த்துவிட்டு வாருங்கள். அப்புறம் இடப்பக்கம் உன்ட்ரெதால் என்ற கிராமம் வரும். நூறு பேர்கூடத் தேறாத ஊர். மனிதர்களைவிட வெள்ளாடுகள் பல மடங்கு, வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டிக்குப் பேர்போனது. அங்கே தெரியும் சின்ன வெள்ளைக் கட்டடம் 12ஆம் நூற்றாண்டு மரத் தேவாலயம், நாற்பது பேர் உட்காரலாம். இந்த ஊருக்குச் சாலை வந்ததே 1988இல்தான். அதுவரை படகைத் தவிர வேறு வழியில்லை.

மலை இடுக்குகளில் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும் பண்ணை வீடுகளையும் கவனியுங்கள். அங்கே ஏற ஏணிதான் வழியாம். வரி வசூலிக்க ஆள் வருவது தெரிந்தால் ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்களாம். இந்தக் கதையை நார்வேயில் ஒவ்வொரு ஃபியோர்டிலும் யாராவது ஒருவர் சொல்வார். நம்புவதும் நம்பாததும் உங்கள் பாடு.

நாற்பது நிமிடம் ஆனதும் வேடிக்கை நடக்கும். முன்பக்கம் இடித்துக்கொண்டு நின்றவர்கள் மூக்கு சிவந்து, கை தேய்த்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக உள்ளே வருவார்கள். போனில் பேட்டரி பாதி; குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். ஒரு மணி நேரம் நெருங்குகையில் எழுந்து, ஜாக்கெட்டின் கடைசிப் பொத்தானையும் போட்டு, போனை உள்பையிலிருந்து எடுத்துக்கொண்டு நீங்கள் வெளியே போங்கள். முன்பக்கம் காலியாக இருக்கும்.

பெய்டலன் என்ற மலைமுனையைச் சுற்றிப் படகு இடதுபக்கம் திரும்பும். அந்தத் திருப்பம்தான் நேரோய் ஃபியோர்டின் வாசல். திரும்பி முடிந்த பிறகு வெளியே வருவது சாமி ஊர்வலம் தெருமுனை தாண்டியதும் கதவைத் திறப்பது மாதிரி. சுவர்கள் கிட்ட வந்துவிடும். தண்ணீரின் நிறம் மாறும். வெயில் இருந்தால் பாறைப்பொடி கலந்த பனிநீரின் பச்சை. மேலே தொங்கும் பள்ளத்தாக்குகளிலிருந்து அருவிகள் எந்த அவசரமும் இல்லாமல் இறங்கிக்கொண்டிருக்கும். பெரிய பனியாறு ஆழமாகக் குடைந்துகொண்டு போய்விட, பக்கத்துச் சின்னப் பனியாறுகளால் அந்த ஆழத்தைத் தொட முடியவில்லை. அவற்றின் பள்ளத்தாக்குகள் அந்தரத்தில் நின்றுவிட்டன. அதனால்தான் இங்கே இத்தனை அருவி.

மலையின் உயரம் கண்ணுக்குச் சட்டென்று பிடிபடாது. எதிரே வரும் தோணியைத் தேடுங்கள், சிவப்புக் கயாக்காக இருந்தால் இன்னும் நல்லது. நண்பன் ஒருவன் மலையடிவாரத்தில் ஒரு சிவப்புத் துணுக்கைக் காட்டி, "மிதக்கிற பாட்டில் மூடி" என்றான். பெரிதாக்கிப் பார்த்தால் இரண்டு பேர் உட்கார்ந்து துடுப்புப் போடுகிறார்கள். அதற்கப்புறம்தான் அவன் அண்ணாந்து மலையைப் பார்த்தான். உங்கள் படங்களிலும் இப்படி ஒரு தோணியோ வீடோ இருக்கட்டும். வெறும் மலையை மட்டும் எடுத்தால் வீட்டில் காட்டும்போது ஏதோ குன்று என்பார்கள்.

டிர்டால், ஸ்டிவி, பக்கா என்று கரையில் சின்னச் சின்னக் குடியிருப்புகள் வரும். பழைய அஞ்சல் பாதையின் ஒரு துண்டு ஸ்டிவியருகே இன்னும் இருக்கிறது, நடந்து போகலாம். பக்காவில் 1859இல் கட்டிய வெள்ளைத் தேவாலயம். சீல்கள் பாறைமேல் படுத்திருக்கும், பாறை நிறத்திலேயே இருப்பதால் அசைந்தால்தான் தெரியும். கையில் தின்பண்டம் வைத்துக்கொண்டு நிற்காதீர்கள். கடற்காகம் தோளுக்குப் பின்னாலிருந்து வந்து கொத்திக்கொண்டு போய்விடும். எங்கள் வீட்டு முறுக்கு ஒன்று அப்படித்தான் போனது.

தலைசுற்றல், வாந்திக்கு மாத்திரை தேவையில்லை. தண்ணீர் குளம் மாதிரி.

7. குட்வாங்கனில் இறங்கிய பிறகு

கடைசிப் பத்து நிமிடத்தில் மலையை அண்ணாந்து பாருங்கள், கெல் அருவி பல நூறு மீட்டர் உயரத்திலிருந்து படிப்படியாக விழுவது தெரியும். துறையில் படகு மின்னேற்றம் செய்வதையும் கவனிக்கலாம். இந்தச் சின்ன ஊரின் மின்கம்பியால் அத்தனை மின்சாரத்தை ஒரே மூச்சில் தர முடியாது. அதனால் துறையையே ஒரு மிதக்கும் பேட்டரியாகக் கட்டியிருக்கிறார்கள். சின்ன மோட்டார் நாள் முழுக்க ஓடி மேல்நிலைத் தொட்டியை நிரப்புவது போல அது மெதுவாக நிரம்பும். படகு வந்ததும் மடமடவென்று ஊற்றிவிடும்.

இதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றுதான் ஒருமுறை கோட்டைவிட்டேன். படகு வந்த நேரத்துக்கு இரண்டு பேருந்துகள் நிற்கும். ஒன்று வோஸ் போவது, மற்றது ஃப்லோமுக்கே திரும்புவது. கூட்டத்தோடு கூட்டமாக ஒரு வரிசையில் நின்று ஏறினேன். சுரங்கத்துக்குள் நுழைந்த பிறகுதான் ஃப்லோம் பேருந்து என்று உறைத்தது. 11.4 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் அது, நடுவில் இறங்கவும் முடியாது. இரண்டு மணி நேரம் படகில் வந்த தூரத்தை இருபது நிமிடத்தில் திரும்பிப் போய், ஃப்லோமில் ரயிலுக்காக மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். மச்சான் இன்றும் போனில் முதலில் விசாரிப்பது, "இப்ப எந்த பஸ்ல இருக்கீங்க மாப்ள?"

பேருந்தின் நெற்றியில் எழுதியிருப்பதைப் படியுங்கள். ஓட்டுநரிடம் 'வோஸ்?' என்று ஒரு சொல் கேட்டால் போதும், தலையாட்டுவார். ஃப்லோம் திரும்பும் பேருந்துக்குப் படகு டிக்கெட் எடுக்கும்போதே சேர்த்து இடம் பதிவு செய்துவிடுங்கள். கழிப்பறை போக வேண்டியவர்கள் படகிலேயே போய்விட்டு இறங்குவது நல்லது, கரையில் வரிசை நீளும். ஒரு மணி நேரம் கூடுதலாக இருந்தால், குட்வாங்கனிலிருந்து பக்காவுக்குப் போகும் கரையோரச் சாலையில் கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வாருங்கள். இப்போது வந்த தண்ணீர்தான் பக்கத்தில் இருக்கும். அடுத்த படகு அந்த வழியாகத்தான் வரும். அதன் முன்பக்கத்தில் யாராவது நிற்கிறார்களா என்று எண்ணிப் பாருங்கள்.